பிள்ளைகளோடு சித்திரைத் திருவிழா: மதுரை நாட்குறிப்பு

மே 7, 2025, புதன்

இளவேனில் என்றால் மதுரைக்குச் சித்திரைத் திருவிழாதான். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், மாம்பழம் வந்திருக்கும், ஊர் முழுக்கப் பந்தல் போட்டிருக்கும். வெயிலும் இருக்கும், அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கிலேயே தொடங்கிவிடும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு இந்தத் திருவிழாவைப் பார்க்க முடியுமா என்று பல பேர் தயங்குகிறார்கள். தாராளமாக முடியும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: சாமிக்குப் பின்னால் ஓடக் கூடாது. சாமி வருகிற வழியில் நிழலாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதியிலும் சரி, வைகைக்கரையிலும் சரி, சாமி நம்மைத் தேடி வருகிற ஊர் இது.

அறை போடுவதற்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். இங்கே நடப்பது இரண்டு திருவிழா. மீனாட்சி திருக்கல்யாணம் உத்திர நட்சத்திரத்தில் வரும். அழகர்கோவில் பெருமாளான கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவது பௌர்ணமியில். அதனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் ஏப்ரல் 22 தேர், மறுநாளே அழகர் இறங்கிவிட்டார். 2025இல் மே 9 தேர், 12ஆம் தேதிதான் அழகர். இதைக் கவனிக்காமல் மூன்று நாளைக்கு அறை போட்டு, தேரைப் பார்த்துவிட்டு அழகரைப் பார்க்காமல் ஊர் திரும்பும் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

அறையையும் இரண்டாகப் பிரித்துப் போடுவது நல்லது. மீனாட்சி நாட்களுக்கு ரயில் நிலையம், மேலமாசி வீதிப் பக்கம். அழகர் நாட்களுக்கு ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளம், புதூர், கே.கே. நகர் பக்கம். அழகர் இறங்குகிற அன்று பாலங்களில் வண்டி விடமாட்டார்கள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆல்பர்ட் விக்டர் (ஏ.வி.) பாலத்தில் கூட்டத்தோடு நடந்து கடப்பது லேசான காரியம் இல்லை.

இன்று மாலை திக்விஜயம். நேற்றுப் பட்டாபிஷேகம் முடிந்து செங்கோல் வாங்கிய மீனாட்சி, இன்று இந்திர விமானத்தில் எட்டுத் திக்குக் காவலர்களோடு போருக்குப் போகிறாள். மாசி வீதியில் எங்கே நின்றாலும் தெரியும். ஊர்வலத்துக்கு முன்னால் முதுகில் முரசு கட்டிய டங்கா மாடு வரும். பிள்ளைகளுக்குச் சாமியைவிட அதுதான் பிடிக்கும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே போய் நில்லுங்கள்.

மே 8, வியாழன்

திருக்கல்யாணம். முகூர்த்தம் காலை எட்டரைக்கு மேல். நடக்கிற இடம் கோயிலுக்குள், வடக்காடி வீதியும் மேலாடி வீதியும் சந்திக்கிற மண்டபம். கட்டணச் சீட்டை அறநிலையத்துறை இணையத்தளத்தில் சில நாள் முன்பே போட்டு வைக்க வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் தெற்குக் கோபுரம் வழியாக, முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற கணக்கில் போகலாம். அதற்கு விடியுமுன்னே வரிசையில் நிற்க வேண்டும்.

எங்கள் கருத்து இதுதான்: மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் உள்ளே போகாதீர்கள். உள்ளே போனால் நாலைந்து மணி நேரம் அசைய முடியாது, நினைத்த நேரத்தில் வெளியே வரவும் முடியாது. சித்திரை வீதிகளில் பெரிய திரை வைத்திருப்பார்கள். திருமாங்கல்யம் கட்டுகிற அந்த நிமிடத்தில் வீதியில் நிற்கிற பெண்கள் எல்லோரும் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். மஞ்சள் கயிறும் குங்குமமும் வீதியிலேயே கொடுப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைவிட இதை நன்றாகப் பார்ப்பது வீதியில் நிற்பவர்கள்தான்.

உள்ளே போகிறவர்களுக்கு ஒன்று. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை. குடும்பம் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. எந்தக் கோபுர வாசலில், எந்தக் கடை முன்னால் சேர்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு பேருடைய எண்ணையும் அழியாத மையில் எழுதி, மேலே ஒரு துணிப் பட்டை கட்டிவிடுங்கள். வெறும் பேனா மை வியர்வையில் அரை மணி நேரத்தில் போய்விடும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், தங்கையைத் தாரை வார்க்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்து நடக்கிற கல்யாணம் இது. கல்யாணம் என்றால் விருந்து உண்டு, விருந்து என்றால் மொய் உண்டு. சேதுபதி பள்ளி வளாகத்தில் பந்தி நடக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் பேரைச் சொல்லி மொய் எழுதுகிறார்கள். பிள்ளை பேரில் ஒரு நூற்றியொரு ரூபாய் எழுதுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இது மீனாட்சி வீட்டுக் கல்யாணம் என்று புரிகிற இடம் அதுதான்.

பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை அறையை விட்டு வெளியே வராதீர்கள். சாயங்காலம் சுவாமி யானை வாகனத்திலும் அம்மன் பூப்பல்லக்கிலும் மாசி வீதி வருவார்கள். மீனாட்சி வேடம் போட்ட சின்னப் பெண்கள் கொண்டையும் கிளியுமாக வீதியெங்கும் நடப்பார்கள். உங்கள் பெண்ணுக்கும் வேடம் போடுவதானால் ஜரிகைத் துணிக்கு உள்ளே பருத்திச் சட்டை ஒன்று போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு எரியும்.

மே 9, வெள்ளி

தேர். காலை ஆறு மணி வாக்கில் கீழமாசி வீதித் தேரடியில் வடம் பிடிக்கிறார்கள். முன்னால் பிள்ளையாரும் முருகனும் சின்னச் சப்பரங்களில், அடுத்துச் சுவாமி தேர், பின்னால் அம்மன் தேர். கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று வலம் வந்து நிலைக்கு வர நண்பகல் ஆகிவிடும். சில ஆண்டு அதற்கு மேலும் ஆகும்.

நிற்கிற இடம் முக்கியம். வீதி முனையில் நிற்காதீர்கள். தேரின் அச்சு திரும்பாது; சக்கரம் நேராகத்தான் உருளும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து, சறுக்கவிட்டுத்தான் திருப்புகிறார்கள். அந்த நேரத்தில் வடம் பிடிப்பவர்கள் வெளிப்பக்கமாக வீசி இழுப்பார்கள், கூட்டம் சுவரோடு நெருங்கும். பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். வீதியின் நடுப்பகுதியில், நாலைந்து படி ஏறி நிற்கக் கூடிய கடைவாசலோ முதல் மாடியோ கிடைத்தால் அதுதான் இடம். மாசி வீதிக் கடைக்காரர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்வதில்லை.

அருகில் நின்றால் பிள்ளைக்கு ஒன்றைக் காட்டுங்கள்: முட்டுக்கட்டை போடுகிறவரின் கையை. முக்கோணமாகச் செதுக்கிய கட்டை, அதைத் தள்ள ஒரு நீளக் கோல். தேர் வேகம் எடுக்கும்போது சக்கரம் தன் பாதத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் உருளும், அவர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பார். சரியான நொடியில் கட்டையை உள்ளே செருகுவார். மரம் முனகுகிற சத்தம் கேட்கும், மேலே தொங்குகிற துணித் தொம்பைகள் ஒருமுறை ஆடி அடங்கும், அவ்வளவு பெரிய தேர் நின்றுவிடும். ஆயிரம் பேர் இழுக்கிற தேரை நிறுத்துவது அந்த ஒரு மனிதர்தான்.

வேட்டும் மேளமும் கைக்குழந்தையின் காதுக்கு அதிகம். பஞ்சு போதாது, காதை முழுவதும் மூடுகிற கவசம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேர் அன்று முதல்முறையாகப் போட்டால் பிடுங்கி எறிந்துவிடும். ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள்.

மே 10, சனி

இடைவெளி நாள். அறையை மாற்றிக்கொண்டு ஆற்றுக்கு வடக்கே வந்துவிடுங்கள். இன்று சாயங்காலம்தான் அங்கே 21 கிலோமீட்டருக்கு அப்பால் அழகர்கோவிலில் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகராகப் புறப்படுகிறார். கண்டாங்கி, கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளரி என்கிற வளைதடி. பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றுக் கிளம்பினால், பின்னாலேயே உண்டியல் வண்டிகளும் வரும்.

சர்க்கரைச் செம்பை இன்றே தயார் செய்துவிடுங்கள். ஒரு சின்னச் செம்பு, கழுத்து வரை நாட்டுச் சர்க்கரை. வாழை இலையை நேராகக் கட்டினால் கிழியும். அனலில் லேசாக வாட்டி வாய்க்கு மேல் மூடி, நூலால் மூன்று சுற்று இறுக்கிக் கட்டுங்கள். கழுத்தில் ஒரு பூச்சரம். அழகர் கண்ணில் பட்டதும் இலைக்கு மேல் சூடம் வைத்து ஏற்றிக் காட்டுவது, பிறகு இலையைப் பிரித்துச் சுற்றியிருப்பவர்களுக்குச் சர்க்கரையைக் கொடுப்பது. தவறு நடப்பது இரண்டு இடத்தில். இலை தொளதொளவென்று இருந்தால் சூடம் உருண்டு கீழே விழும். பெரிய சூடமாக வைத்தால் இலை பொசுங்கிச் சர்க்கரை கருகும், செம்பும் கையில் பிடிக்க முடியாமல் சுடும். சுண்டுவிரல் நகம் அளவு போதும். செம்பைப் பிடிப்பவரும் பிள்ளையைத் தூக்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

நாளைக்கும் மறுநாளுக்கும் கட்டுச்சோறு. புளியோதரை கெடாது, நல்லெண்ணெயைக் குறைக்காமல் கிளறி, நன்றாக ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். தயிர்சாதத்துக்கு ஒரு ஆழாக்கு அரிசியைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பால் ஒன்றரை ஆழாக்கு விட்டு, தயிர் இரண்டே கரண்டி சேர்த்துப் பிசைந்தால் காலையில் கட்டியது மதியத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். முழுக்கத் தயிர் விட்டால் இந்த வெயிலில் பத்து மணிக்கே புளித்துவிடும்.

மே 11, ஞாயிறு

எதிர்சேவை. மலையிலிருந்து இறங்கி வருகிற அழகரை ஊரார் எதிர்கொண்டு அழைக்கிற நாள். மூன்றுமாவடியில் காலையிலேயே தொடங்குகிறது, அப்புறம் புதூர், பிறகு தல்லாகுளம். வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் அழகர் கொஞ்ச நேரம் நிற்பார், தீபம் காட்டுவார்கள், கிளம்புவார்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்தப் பத்து நாளில் மிகச் சிறந்த நாள் இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம். தெரு மண்டகப்படி ஒன்றின் பந்தலுக்குள் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுங்கள். நிழல் இருக்கும், மோர் இருக்கும், அந்தத் தெருப் பாட்டிமார் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். அழகர் பத்தடி தூரத்தில் வந்து நிற்பார். ஆற்றங்கரையில் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று தங்கக் குதிரையின் காதை மட்டும் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகும். அதற்குத் தக்கபடி பிள்ளையைத் தூங்க வையுங்கள்.

பந்தலில் கொடுக்கிற நீர்மோரும் பானகமும் அன்போடு கொடுப்பவை. ஆனாலும் இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர்தான். பானகத்தை அறையிலேயே கரைக்கலாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு வெல்லம் நூறு கிராம் பொடித்து வடிகட்டி, எலுமிச்சம்பழம் ஒன்று, சுக்குப் பொடி கால் கரண்டி, ஏலக்காய் மூன்று. பிள்ளை நாலைந்து மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, உதடு காய்ந்திருக்கிறது, சோர்ந்து தோளில் சாய்கிறது என்றால் பானகம் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கலக்கிக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், நிழலுக்குப் போங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் மருத்துவ முகாம்தான், வழியெல்லாம் இருக்கிறது.

ராத்திரி அழகர் தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்து, தங்கக் குதிரைக்கு மாறுகிறார்.

மே 12, திங்கள்

விடிகாலை ஆறு மணி வாக்கில் அழகர் வைகையில் இறங்கினார். வெள்ளிக் குதிரையில் வந்த வீரராகவப் பெருமாள் வரவேற்றார்.

இதை நேராகவே சொல்லிவிடுவோம்: அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு ஆற்றுக்குள் போகாதீர்கள். 2022இல் இதே நேரத்து நெரிசலில் இரண்டு உயிர் போனது. வைகை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும், சேறும், கல்லும் காலடியில். முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் வருபவருக்குத் தெரியாது. தள்ளுவண்டி இரண்டடி கூட உருளாது. அந்த அரை மணி நேரத்தைத் தொலைக்காட்சியில் பாருங்கள்; அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். பச்சை என்றால் விளைச்சல் செழிக்கும் என்பது ஊரின் நம்பிக்கை.

பெரிய பிள்ளை இருந்தால், கூட்டம் கலைகிற எட்டு மணிக்கு மேல் அப்பாவோடு போய், தோல்பையால் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்து வரலாம். தோல்பை என்பது முழு ஆட்டுத் தோலைப் பதப்படுத்தித் தைத்தது. கழுத்துப் பக்கம் சின்னக் குழாய். அக்குளில் இடுக்கி அழுத்தினால் மெல்லிய தாரையாக மேலே போய்ப் பூவாக விழும். வேகமாகப் பீய்ச்சுகிற விசைக் கருவி சாமி மேனிக்கும் ஆகாது, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கண்ணுக்கும் ஆகாது. அதிகாரிகளும் அதற்குத் தடை சொல்லியிருக்கிறார்கள். தோல்பை காய்ந்து விறைத்திருந்தால் தையல் விட்டுப்போகும், அதனால் முதல் நாளே ஊறவைக்கிறார்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடுகிற உடுப்பெல்லாம் தைப்பது மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தலைமுறையாக இருந்த தையற்காரர்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன.

பிள்ளைக்கு மொட்டை போடுவதானால் புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். காலை ஒன்பதுக்குள் முடித்து, சந்தனம் பூசி, அது காய்ந்ததும் பருத்தித் தொப்பி.

மதியம் ராமராயர் மண்டபத்தில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற தீர்த்தவாரி. சாயங்காலம் அண்ணாநகர் வழியாக வண்டியூருக்குப் போகிறார். வீட்டில் எல்லோருமாகப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்: வெயில் தாழ்ந்திருக்கும், வீதி அகலம், கூட்டமும் பரவலாக நிற்கும். பருத்திப்பால் விற்பவர் வந்தால் ஒரு டம்ளர் வாங்கிப் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுங்கள்.

மே 13, செவ்வாய்

வண்டியூரிலிருந்து தேனூர் மண்டபத்துக்கு. அங்கே கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம். தவளையாகக் கிடந்த முனிவரை அழகர் வந்து மீட்கிற கதையைப் பிள்ளைகளுக்கு முதல் நாள் ராத்திரியே சொல்லி வையுங்கள், மண்டபத்தில் தவளையைத் தேடிக்கொண்டே பொறுமையாக நிற்பார்கள். திருமலை நாயக்கர் இரண்டு விழாவையும் சேர்ப்பதற்கு முன்னால் அழகர் இறங்கியதே தேனூரில்தான். அந்த ஊரின் பெயர் இன்னும் இந்த மண்டபத்தில் நிற்கிறது. மண்டபம் ஆற்றுக்குள், மேலே நிழல் இல்லை. குடையைவிட ஈரத்துண்டு உதவும், கூட்டத்தில் குடைக்கம்பி பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கும்.

ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன் என்று விடிய விடிய அலங்காரம் மாறும். பிள்ளைகளை முழு ராத்திரியும் விழிக்க வைக்க வேண்டாம். எட்டு மணிக்கே தூங்க வைத்து, ஐந்து மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போனால் கடைசியில் வரும் மோகினி அலங்காரம் கிடைக்கும். முன்னிரவுக் கூட்டத்தில் பாதிதான் அப்போது இருக்கும்.

மே 15, வியாழன்

நேற்று இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்தில் அழகருக்குக் கள்ளர் திருக்கோலம், விடியுமுன் பூப்பல்லக்கு. பல்லக்கு புறப்படுவது பிள்ளைகள் தூங்குகிற நேரம். அதற்காக எழுப்ப வேண்டாம். புதூர், மூன்றுமாவடிப் பக்கம் பகலில் அதே மண்டகப்படிப் பந்தல்களில் நின்று நின்று தான் திரும்புகிறார். எதிர்சேவை அன்று உட்கார்ந்த பந்தலுக்கே போங்கள். மோர் கொடுத்த அதே ஆட்கள் இருப்பார்கள், பிள்ளையின் பெயர்கூட அவர்களுக்கு நினைவிருக்கும்.

நாளை மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கோயில் வாசலில் பூசணிக்காய்களில் சூடம் ஏற்றி அழகருக்குத் திருஷ்டி கழிப்பார்கள். பத்து நாள் அத்தனை பேர் கண்ணும் பட்ட உங்கள் பிள்ளைக்கும் இன்று ராத்திரியே சுற்றிப்போட்டுவிடுங்கள்: கொஞ்சம் உப்பு, மூன்று மிளகாய் வற்றல், வாசலில்.